தாரைச் செம்பை நான்தான் பிடிப்பேன்

ஊர்க்கவுண்டர் ஐயாவுக்கும், மந்திரிக்கவுண்டருக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான் உறவுகளுக்கும், முக்கியமாகப் போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போன பெரியம்மா, சித்தி, நாத்தனார் எல்லாருக்கும் வணக்கம்.

நேரில் பேசினால் எனக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிடும், இல்லையென்றால் கோபம் வந்துவிடும், இரண்டில் எது வந்தாலும் "பாவம், ஆம்பள இல்லாத வூடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பேரனோ பேத்தியோ போனில் படித்துக் காட்டினால் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் என் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நீங்கள் பேசி முடிவு செய்துவிட்டு வந்திருந்தீர்கள். பந்தக்கால் நடும்போது நான் வாசலுக்கு வரக் கூடாது. நலங்குக்கு மஞ்சளைத் தொடக் கூடாது. ஆரத்தி எடுக்கக் கூடாது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணையில் உட்காருவார்கள், நான் சமையல்கட்டுப் பக்கமோ மணமகள் அறையிலோ இருந்துகொள்ளலாம், தாலி கட்டி முடித்த பிறகு வந்து அட்சதை போடலாம். அதற்கும் ஒரு நிபந்தனை, அன்றைக்கு ஒருநாளாவது நெற்றியில் பொட்டு, தலையில் பூ இல்லாமல் வர வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று பெரியம்மா சொன்னார்.

இதில் எதையும் நான் செய்யப் போவதில்லை. செம்பை நான்தான் பிடிப்பேன், பொட்டும் பூவும் இருக்கும்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பழைய கதையிலிருந்து.

என் புருஷன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரியோடு போனவர். கருமகாரியத்தன்று விடியற்காலையில் நடந்ததை ஆண்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சுமங்கலிகளும் பார்க்கக் கூடாது என்று உள்ளே அனுப்பப்பட்டிருப்பீர்கள், அதனால் உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மணை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள், முகமெல்லாம் மஞ்சள் பூசினார்கள், காலணா அளவுக்குக் குங்குமம் வைத்தார்கள், தலை கனக்கிற அளவுக்குப் பூ வைத்தார்கள். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ வைத்ததில்லை. எல்லாம் எங்கள் தோட்டத்துக் கனகாம்பரம், முந்தின நாள் நான் பறிக்கப் போகாததால் கொழுந்தனார் பெண்சாதி பறித்துக்கொண்டு வந்தது. அப்புறம் முன்னமே தாலி அறுத்த இரண்டு கிழவிகள் வந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பூவை உருவினார்கள், குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தார்கள், இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தொட்டிக் கல்லில் தட்டினார்கள். ஒரு சில்லு மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை என்று சித்தி ஓடிப்போய் மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு வந்தார், யாரோ ஒருத்தர் "மஞ்ச ஆவாது" என்று தடுத்துவிட்டார். கடைசியில் காப்பித்தூள் வைத்து அழுத்தினார்கள்.

புருஷன் செத்த துக்கத்தில் எவ்வளவோ மறந்துபோயிற்று, யார் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் எதுவும் நினைவில்லை, ஆனால் அந்தக் காப்பித்தூள் வாசனை மறக்கவில்லை. வெட்டுக்காயத்துக்குக்கூட மஞ்சள் வைக்க எனக்குத் தகுதி இல்லாமல் போய்விட்டது என்றால், முந்தின நாள் இருந்த நான் எங்கே போனேன்? அவர் போனார், சரி. நான் எப்போது போனேன்?

அடுத்த சாமந்திப் பட்டம் வருவதற்குள் நான் பொட்டு வைத்துக்கொண்டேன். பெரிய புரட்சி எல்லாம் ஒன்றுமில்லை. ஆதார் கார்டு திருத்தத்துக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது எட்டாவது படித்த காலத்து குரூப் போட்டோ கிடைத்தது, அதில் இரட்டைச் சடையும் கனகாம்பரமும் சாந்துப்பொட்டுமாக நிற்கிறேன். அவரை நான் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பு எடுத்த படம். அவர் கொண்டுவந்து கொடுத்ததை அவரோடு அனுப்புகிறீர்கள் என்றால்கூட ஒரு கணக்கு இருக்கிறது, தாலியைக் கழட்டினீர்கள், நான் தடுக்கவில்லை. என் அம்மா வைத்துவிட்ட பொட்டை நீங்கள் எந்தக் கணக்கில் எடுத்தீர்கள்?

அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பால் சொசைட்டிக்குத் தூக்குப் போசியோடு நான் போகும்போது டிராக்டரை ஸ்டார்ட் செய்யப் போன அண்ணன் கையை எடுத்துவிட்டு, நான் தெருமுனை திரும்பும் வரைக்கும் காத்திருப்பார். ஒருநாள் இல்லை, தினமும். நானும் தெரியாத மாதிரி போவேன். வீட்டிலிருந்து பொண்ணு பார்க்கக் கிளம்பினவர்கள் என்னைப் பார்த்துவிட்டால் திரும்ப உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். மாரியம்மன் திருவிழாவில் மாவிளக்கு ஊர்வலத்துக்கு என் வீட்டு மாவை நாத்தனார் கையில் கொடுத்துவிட வேண்டும். வரி மட்டும் என் பேரில்தான் வசூல் ஆகிறது, அதில் எந்தத் தீட்டும் இல்லை.

அதே நான் விடிவதற்குள் பூக்கூடையோடு தருமபுரி பூ மார்க்கெட்டில் போய் இறங்கினால், கமிஷன் கடைக்காரர் மற்றவர்களை நிறுத்திவிட்டு என் பூவைத்தான் முதலில் தராசில் வைப்பார். "அக்கா போணி பண்ணா அன்னிக்கு பூரா யாவாரம்" என்பார். என் புருஷன் செத்தது அவருக்கும் தெரியும், சாவுக்கு மாலை அவர் கடையிலிருந்துதான் வந்தது. குண்டுமல்லியை வெயில் ஏறுவதற்குள் மொட்டாகப் பறித்தாக வேண்டும், கனகாம்பரம் ஒரு கிலோ சேர்வதற்குள் விரல் மரத்துவிடும், அப்படிப் பறித்த பூதான் நம் ஊர்க் கல்யாணங்களுக்கு எல்லாம் போகிறது. போன ஐப்பசியில் உங்கள் மகன் கல்யாணத்துக்குப் பெண்ணின் சடையில் தைத்த பூ என் தோட்டத்துப் பூ, பெரியம்மா. அந்தப் பெண் இப்போது முழுகாமல் இருக்கிறாள், நல்லபடியாகத்தான் இருக்கிறாள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அவர் பேரில் இருந்த ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா மாற்ற வேண்டி வந்தபோது, பங்காளிகள் எத்தனை நடை என் வீட்டுக்கு வந்தீர்கள்? விடியற்காலையில் வந்தீர்கள், வெள்ளிக்கிழமை வந்தீர்கள், நல்ல காரியத்துக்குக் கிளம்பின கையோடும் வந்தீர்கள். என் கையெழுத்து வேண்டியிருந்த வரைக்கும் என் முகத்தில் ஒரு சகுனமும் தெரியவில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி புருஷன் சொத்தில் பெண்டாட்டிக்கு வரும் பங்கு அவளுக்கே முழுச் சொந்தம் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் வரத்து நின்றது, சகுனமும் திரும்ப வந்தது. வாரிசுச் சான்றுக்கு அலைந்தபோது ஒரு அலுவலகத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "இறந்தவரோட சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்கள். நான்தான் என்றேன். பொட்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி பொட்டைப் பார்த்தார். துக்கம் நெற்றியில் தெரிந்தால்தான் அரசாங்கக் காகிதமும் நகரும் போல.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று சித்தி கேட்டார். அந்த நாலு பேர் யாரென்று நான் நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை வீடு இல்லை. நிச்சயம் பேச வந்தபோதே சம்பந்தியம்மாவிடம் நான் நேராகக் கேட்டுவிட்டேன், கிருஷ்ணகிரிக்காரர்கள், பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான், "உங்க பொண்ண நீங்க குடுக்காம வேற யார் குடுக்கறது" என்று அவர்தான் சொன்னார். மகளும் இல்லை, அவள் "நீ மணையில இல்லன்னா நானும் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள், அது வேறு எனக்குப் பயமாக இருக்கிறது, அவள் சொன்னால் செய்கிறவள். ஐயரும் ஆட்சேபிக்கவில்லை, அவருக்கு மண்டபத்தில் அடுத்த முகூர்த்தத்துக்குள் முடிந்தால் போதும். அப்படியே யாராவது முகம் சுளித்தாலும், சடங்கே இல்லாமல் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலும் கல்யாணம் செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமே வந்துவிட்டது. ஆக மிச்சம் இருக்கிற நாலு பேர் நீங்கள்தான். வெளியில் யாரோ சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள், சொல்வதெல்லாம் நீங்கள்.

ஆண்களிடம் ஒன்று. பெண்சாதி செத்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். வருஷத் திதி வருவதற்குள் மறு கல்யாணம் செய்தவர் இருக்கிறீர்கள், அது தப்பு என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளை யார் பார்ப்பது. உங்களில் ஒருத்தர்தான் என் மகளைத் தாரை வார்க்கப் போகும் பெரியப்பா. முதல் பெரியம்மா போனபோது உங்கள் மோதிரத்தை யாராவது கல்லில் தட்டினார்களா, நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தார்களா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கணவனை இழந்த பெண்கள் நாலு கோடிக்கு மேல், மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண்சாதிகள் சாகாமலா இருக்கிறார்கள்? செத்த பிறகு ஆண்கள் மறுபடி மாப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள், அந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள்.

இளவட்டங்கள் மகளிர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள், ரொம்ப நன்றாக இருக்கிறது. திண்ணையில் அன்றைக்கு நாலு பேர் நின்றுகொண்டிருந்தீர்கள், ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

"காலங்காலமா இருக்கற வழக்கம்" என்று மந்திரிக்கவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐயா, ஏரிக்கரையில் நாம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அது சண்டையில் செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்த மாதிரி நடுகற்கள் ஏராளம் கிடக்கின்றன. அதில் சில கற்களில் வீரனுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடி ஒரு பெண்ணும் நிற்பாள், பார்த்திருப்பீர்கள். அவனோடு நெருப்பில் இறங்கினவள் அவள். அதுவும் காலங்காலமாக இருந்த வழக்கம்தான். 1829இல் வங்காளத்திலும் அடுத்த வருஷம் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அப்போதும் ஊர்ப் பெரியவர்கள் இருந்திருப்பார்கள், இதையேதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு நீங்கள் யாரும் என்னை நெருப்பில் இறங்கச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த வழக்கம் உங்களுக்கே சகிக்கவில்லை. எது வழக்கம், எது சகிக்காதது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துப் பார்த்துத்தான் கழித்துக்கொண்டு வந்திருக்கிறது, நான் ஒன்றைக் கழிக்கிறேன்.

கோயில் விஷயத்துக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டம் நம்பியூர்ப் பக்கத்தில் புருஷனை இழந்த ஒரு பெண், அவர் புருஷன் பூசாரியாக இருந்த கோயிலிலேயே அவரை உள்ளே விடவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு அந்தஸ்தும் அடையாளமும் உண்டு, கல்யாண நிலையைப் பார்த்து அதைக் குறைக்கவோ பறிக்கவோ முடியாது என்று சொல்லி, அவரைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். எனக்குக் கோர்ட்டுக்குப் போக ஆசையில்லை. மாரியம்மனும் நானும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. ஆனால் அடுத்த திருவிழாவில் என் மாவிளக்கு என் தலையில்தான் வரும்.

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் அந்த ஊர் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டார்கள், புருஷன் செத்தால் பெண்ணின் தாலியைக் கழட்டுவது, வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, மெட்டியைக் கழட்டுவது எதுவும் இனி ஊரில் கூடாது என்று. அதே மாதமே அந்த மாநில அரசு மற்ற ஊராட்சிகளும் இப்படிச் செய்யுங்கள் என்று சுற்றறிக்கை விட்டது. நம் ஊரிலும் ஜனவரி 26 அன்று கிராம சபை நடக்கும். நான் மனு எழுதி வைத்திருக்கிறேன், நம் மகளிர் குழுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரியில்தான், 1989இல். அந்தக் காலத்துக் குழுக்களில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பழகின பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். குழுவில் ஊக்குநர் நான். கடன் வாங்கும்போது முதலில் என்னைத்தான் உட்காரச் சொல்கிறீர்கள், பேங்க் மேனேஜருக்கு ஆரத்தி எடுக்கச் சொன்னதும் என்னைத்தான். மறந்துவிட்டீர்களா?

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாரும் என்னைப் போலப் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பா போனதிலிருந்து என் அம்மா பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை, வெள்ளையில் சின்னக் கரை போட்ட சேலைதான். நான் கேட்டுப் பார்த்தேன், "எனக்கு மனசு வரல, வுடு" என்றார், விட்டுவிட்டேன். அது அவர் மனசு. அவரைப் பொட்டு வைக்கச் சொல்லி நான் வற்புறுத்தினால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். நான் கேட்பது ஒன்றே ஒன்று, அடுத்து இந்த ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், அந்தப் பெண்ணை மணையில் உட்கார வைப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகளை எல்லாம் அந்தத் தொட்டிப் பக்கம் உட்கார வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு என் வளையலை உடைத்த இரண்டு பாட்டிகளில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் இருக்கிறார், இதைக் கேட்டுக்கொண்டும் இருப்பார். பாட்டி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்க எல்லாம் பொறுத்துக்கலையா என்று நீங்கள் திண்ணையில் கேட்டீர்கள். பொறுத்தீர்கள், பத்தொன்பது வயதிலிருந்து பொறுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைத்தான் நலங்குக்கு முதல் ஆளாகக் கூப்பிடுகிறேன். மஞ்சள் கிண்ணத்தை உங்கள் கையில்தான் கொடுப்பேன், என் மகள் கன்னத்தில் நீங்கள் பூச வேண்டும். வருவது உங்கள் விருப்பம். வந்தால் எனக்குச் சந்தோஷம், வராவிட்டாலும் வெற்றிலை பாக்கு வீட்டுக்கு வரும்.

பத்திரிகை விஷயம். அச்சகத்திலிருந்து வந்த முதல் புரூஃபில் "காலஞ்சென்ற" என்று அவர் பெயர் போட்டு, அழைப்பவர்கள் என்று பெரியப்பா, பெரியம்மா, தாய்மாமன், பங்காளிகள் எல்லார் பெயரும் வரிசையாக இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. இருபத்து நாலு வருஷம் வளர்த்தவள் நான், பூ விற்றுச் சேர்த்த பணம்தான் நகை, மண்டப வாடகையும் அதில்தான், பத்திரிகை அச்சுக் கூலியும் அதில்தான். சிவப்புப் பேனாவில் திருத்தி அனுப்பிவிட்டேன். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் இப்போது என் பெயர் முதலில் இருக்கிறது, அதற்குக் கீழே என் அம்மா பெயர், அதற்கும் கீழே தாய்மாமனும் நீங்கள் எல்லாரும், பெரியப்பா பெரியம்மா உட்பட. யாருடைய பெயரையும் எடுக்கவில்லை. என் பெயரோடு சேர்த்துப் போட்டதில் யாருக்காவது சங்கடம் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், எடுத்துவிடச் சொல்கிறேன்.

மணையில் பெண்ணுக்குப் பின்னால் என் அம்மா நிற்பார், வெள்ளைச் சேலையோடு, அவர் இருக்கிறபடியே. மகள் கையை என் தம்பி பிடித்துக் கொடுப்பான், தண்ணீர் நான் ஊற்றுவேன். ஐயருக்கும் மண்டபக்காரருக்கும் சொல்லியாயிற்று, போட்டோக்காரரிடமும் சொல்லியாயிற்று, அவர் எங்கே நின்று எடுக்கலாம் என்றுகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பங்காளிகள் வீட்டுக்கு மட்டும் நூற்றைம்பது இலை போட்டு வைத்திருக்கிறேன். மணையில் நான் நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வராமல் இருக்கப் போகிறவர்கள் மாட்டுப் பொங்கலுக்குள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புங்கள், அரிசி வீணாகக் கூடாது.